புகழ்பெற்ற ஒருவர் தம்மைத் திருநர் என்று அறிவித்தால் மக்கள் மனம் மாறுமா?

பதிவு 1: பாலாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

நான் ஒரு கல்லூரியில் இதழியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி தந்த கட்டுரையில், 2015ஆம் ஆண்டில் கேட்லின் ஜென்னர் அளித்த ஒரே ஒரு தொலைக்காட்சி நேர்காணல் திருநர்களைப் பற்றிய அமெரிக்கர்களின் எண்ணத்தையே மாற்றிவிட்டது என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதன் கீழே சிவப்பு மையால் கோடிட்டுவிட்டேன். ஆனால் ஓரத்தில் என்ன குறிப்பு எழுதுவது என்று எனக்கே விளங்கவில்லை. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

அந்த நிகழ்வை நினைவில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜென்னர் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான டெகாத்லான் என்ற பத்து விளையாட்டுப் போட்டியில் உலக சாதனையோடு தங்கம் வென்றவர். காலையுணவுத் தானியப் பெட்டியின் மேல் அவருடைய படத்தைப் பார்த்து ஒரு தலைமுறையே வளர்ந்தது. பிற்காலத்தில் கர்தாஷியன் குடும்பத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வழியாக அடுத்த தலைமுறைக்கும் அறிமுகமானார். 2015 ஏப்ரல் 24 அன்று, தம் 65ஆம் வயதில், ஏபிசி தொலைக்காட்சியில் செய்தியாளர் டயான் சாயரிடம் தாம் ஒரு பெண் என்று சொன்னபோது ஏறத்தாழ 1.7 கோடி பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில் வேனிட்டி ஃபேர் இதழின் அட்டைப்படம் வெளியானது. அன்று அவர் தொடங்கிய ட்விட்டர் கணக்கை நான்கே மணி நேரத்தில் பத்து லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள்.

இத்தனை பேர் பார்த்தார்கள் என்பதில் ஐயமில்லை. பார்த்தவர்கள் மாறினார்களா என்பதே என் கேள்வி.

பதிவு 2: நெய்தல்

பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். மாணவி எழுதியது மிகைதான் என்றாலும், சிவப்புக் கோட்டுக்கு உரிய பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

வேற்றுக் குழுவினர் மீதான காழ்ப்பு, அவர்களோடு சமநிலையில் நேரில் பழகும்போது குறையும் என்று கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954ஆம் ஆண்டிலேயே எழுதினார். திருநர்கள் எண்ணிக்கையில் மிகச் சிறுபான்மையினர் ஆகையால், பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு அப்படிப் பழகும் வாய்ப்பே அமைவதில்லை. ஆனால் திரையில் நாள்தோறும் பார்க்கும் ஒருவரோடு நமக்கு ஒருதலையான நட்பு ஒன்று வளர்ந்துவிடுகிறது. நேர்ப்பழக்கம் செய்யும் வேலையை அந்த ஒருதலை நட்பும் ஓரளவு செய்யக்கூடும் என்று 2005இல் சில ஆய்வாளர்கள் இவ்விரண்டு கருத்துகளையும் இணைத்துக் காட்டினார்கள்.

ஜென்னரின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. 2014 ஜூனில் டைம் இதழின் அட்டையில் வந்த நடிகை லவெர்ன் காக்ஸை மக்கள் முதல் நாளிலிருந்தே திருநங்கை என்று அறிந்துதான் பார்த்தார்கள். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். ஜென்னரிடம் அப்படி விலகிவிட முடியவில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கம் முன்னே வந்துவிட்டது, அறிவிப்பு பின்னேதான் வந்தது. அவரை வெறுக்க வேண்டுமென்றால், தம் இளமைக்கால நினைவு ஒன்றையும் சேர்த்தே வெறுக்க வேண்டிய நிலை அந்த நாட்டு ஆண்களுக்கு ஏற்பட்டது.

பதிவு 3: பருத்திக்காடு

நண்பர் நெய்தல் சொல்லும் அந்த ஆண்களில் ஒருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன். 2013 முதல் 2017 வரை ஹூஸ்டனில் இருந்தேன். எங்கள் பிரிவில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒருவர், மான்ட்ரியல் போட்டியை இளவயதில் தொலைக்காட்சியில் பார்த்ததை அடிக்கடி சொல்லுவார். வேனிட்டி ஃபேர் அட்டை மளிகைக் கடையின் காசாளர் மேசையருகே தொங்கத் தொடங்கிய வாரத்தில், மதிய உணவின்போது இளைஞன் ஒருவன் ஜென்னரைக் கேலி செய்தான். பெரியவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, டெகாத்லானில் ஜென்னர் ஓடிய அந்த 1,500 மீட்டர் ஓட்டத்தை நீ ஓடிக் காட்டிவிட்டு வந்து பேசு என்றார். மேசை அமைதியாகிவிட்டது. ஒரு பிரபலத்தின் அறிவிப்பு ஒரு மனத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை நேரில் பார்த்துவிட்டதாகவே அன்று நான் நினைத்தேன்.

அதே ஆண்டு நவம்பர் 3 அன்று ஹூஸ்டனில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இனம், வயது, மதம், உடற்குறை, படைப்பணி உள்ளிட்ட பதினைந்து அடிப்படைகளில் யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று 2014இல் நகரமன்றம் நிறைவேற்றியிருந்த ஆணையை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்பதே கேள்வி. அந்தப் பதினைந்தில் பாலின அடையாளமும் ஒன்று. எதிர்த்தரப்பினர் மற்ற பதினான்கையும் தொடவே இல்லை. பெண்கள் கழிப்பறையில் ஆண்களுக்கு இடமில்லை என்ற ஒற்றை முழக்கத்தை அட்டைகளிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒரு விளம்பரத்தில் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் பின்னால் ஓர் ஆண் கழிப்பறைக்குள் நுழைவதாகக் காட்டினார்கள். ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் நீக்கச் சொல்லி வாக்களித்தார்கள். ஜென்னரின் நேர்காணல் ஒளிபரப்பாகி அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

பெரியவரும் நீக்கத்தான் வாக்களித்தார், மறைக்கவும் இல்லை. ஜென்னருக்காக அன்று பேசினீர்களே என்று கேட்டேன். அது ஜென்னரைப் பற்றியது, இது கழிப்பறையைப் பற்றியது என்றார். அவர் என்னை ஏமாற்றவில்லை. அவர் மனத்தில் அவை உண்மையிலேயே இரண்டு அறைகள். ஜென்னர் அவருக்குத் தெரிந்தவர். விளம்பரத்தில் வந்த உருவமோ அவருக்குத் தெரியாதவன். அவனுக்கும் ஜென்னருக்கும் ஏதாவது தொடர்பு உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பதிவு 4: நெய்தல்

மறுக்க முடியாத சாட்சியம்தான். ஆனாலும் ஒரு நகரம், ஒரு தேர்தல். ஜென்னர் அறிவித்திராவிட்டால் அந்த 61 என்பது 70 ஆகியிருக்குமா, 61 ஆகவே இருந்திருக்குமா என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

பதிவு 5: கணக்குப்பிள்ளை

இந்த இழையில் எண்களை யாராவது எடுத்து வைக்க வேண்டும் என்பதால் வருகிறேன்.

முதலில், நேரடியாக ஜென்னரைத் தொட்ட ஓர் ஆய்வு. 2015 ஜூனில் ராயல் பெயின்ஸ் என்ற மருத்துவத் தொடரின் ஒரு பகுதியில் திருநரான பதின்வயதினர் ஒருவரின் கதை வந்தது. அத்தொடரின் வழக்கமான பார்வையாளர்கள் 488 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 391 பேர் அந்தப் பகுதியைப் பார்த்திருந்தவர்கள். கற்பனைக் கதையைப் பார்த்தவர்களிடம் திருநர்கள் மீதான ஆதரவு கூடுதலாக இருந்தது. ஜென்னரைப் பற்றிய செய்திகளைப் பார்த்ததற்கும் அவர்களுடைய மனப்பான்மைக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை. ஒரு நடிகர் ஏற்ற வேடம் செய்ததை, உலகமே பேசிய ஓர் உண்மை வாழ்க்கை செய்யவில்லை என்பது முதலில் எனக்கு விந்தையாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். கதைக்குள் நாம் அந்தப் பிள்ளையோடும் அதன் பெற்றோரோடும் இருக்கிறோம். செய்தியிலோ எதிரே அமர்ந்து தீர்ப்பு வழங்குகிறோம்.

அடுத்து, அமெரிக்காவில் கருத்துக்கணிப்புகள் நடத்தும் ப்யூ ஆய்வு மையத்தின் கணக்குகள். தமக்குத் தெரிந்த திருநர் ஒருவர் உண்டு என்று சொன்ன அமெரிக்கர்கள் 2016இல் 30 விழுக்காடு, 2022இல் 44 விழுக்காடு. ஆல்போர்ட் சொன்னது போலவே எல்லாம் நடந்திருந்தால் ஏற்பும் கூடியிருக்க வேண்டும். ஆனால், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலே ஒருவர் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது என்றவர்கள் 2017இல் 54, 2021இல் 56, 2022இல் 60 விழுக்காடு. திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டங்களுக்கான ஆதரவும் 2022இல் 64 ஆக இருந்து 2025இல் 56 ஆக இறங்கிவிட்டது. நெய்தல் அவர்கள் இந்த இறக்கத்துக்கு என்ன விளக்கம் சொல்வார் என்று அறிய விரும்புகிறேன்.

பதிவு 6: நெய்தல்

முழு விளக்கம் என்னிடம் இல்லை. ஒரு பகுதி இருக்கிறது. நீங்கள் காட்டும் 60 என்ற எண்ணுக்குள் இரண்டு நாடுகள் இருக்கின்றன. அதே 2022 கணக்கில் குடியரசுக் கட்சியினரிடமும் அதன் சார்பினரிடமும் அது 86 விழுக்காடு, ஜனநாயகக் கட்சித் தரப்பில் 40க்கும் கீழே. 2016இல் வட கரோலினா மாநிலம் திருநர்களின் கழிப்பறைப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றியதிலிருந்தும், 2020இல் ஐடஹோ மாநிலம் பெண்கள் விளையாட்டில் திருநங்கையர் பங்கேற்பதைத் தடை செய்ததிலிருந்தும் இது கட்சிக் கொடியின் நிறத்தோடு கலந்துவிட்டது. ஒருவர் தம் கட்சி சொல்வதைக் கேட்பாரா, பழைய ஒலிம்பிக் வீரர் சொல்வதைக் கேட்பாரா என்றால் விடை தெரிந்ததுதான்.

பதிவு 7: பருத்திக்காடு

அந்த ஒலிம்பிக் வீரரே எந்தக் கட்சி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜென்னர் அதே 2015 நேர்காணலிலேயே தாம் குடியரசுக் கட்சிக்காரர் என்று சொன்னார். 2016 தேர்தலில் டிரம்ப் பக்கம் நின்றார். திருநர் மாணவர்களுக்காக ஒபாமா அரசு பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலை 2017 பிப்ரவரியில் டிரம்ப் அரசு திரும்பப் பெற்றதும் வெளிப்படையாகக் கண்டித்தார். 2018 அக்டோபரில், தாம் நம்பியது தவறு என்று நாளிதழில் எழுதினார். பிறகு 2021இல் கலிபோர்னியா ஆளுநரைத் திரும்ப அழைக்கும் தேர்தலில் போட்டியிட்டபோது, பள்ளிகளில் திருநர் சிறுமியர் பெண்கள் அணியில் விளையாடுவதை எதிர்த்தார். வாங்கிய வாக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு. அவரை வீரமங்கை என்று போற்றியவர்கள் கைகழுவினார்கள். திருநர் உரிமைகளை எதிர்ப்பவர்களுக்கோ, அந்தச் சமூகத்திலிருந்தே ஒருவர் ஒப்புக்கொள்கிறார் பாருங்கள் என்று காட்டுவதற்கு ஒரு சாட்சி கிடைத்தது.

பதிவு 8: ஓலைச்சுவடி

இழையின் போக்கைக் குலைக்காமல் ஒரு சொல். ஜென்னர் செய்தி வந்த வாரத்தில், பழைய நிகழ்வுகளைப் பேசும்போது அவன் என்பதா அவள் என்பதா என்று ஆங்கில ஏடுகள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, தமிழ் ஏடுகள் அவர் என்று எழுதிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தன. மரியாதைப் பன்மை நமக்குச் செய்த உதவி அது. ஆனால் அந்த அவர் பல இடங்களில் மனம் மாறாதவர்கள் ஒளிந்துகொள்ளும் திரையாகவும் இருந்திருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பதிவு 9: வெண்கலமணி

இத்தனை பதிவுகளிலும் பொதுமக்கள் எங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற பேச்சுதான் இருக்கிறது. நான் சென்னையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரியும் திருநங்கை. பார்க்கப்படுகிறவள் என்ற முறையில் இரண்டொன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

ஜென்னரின் படங்கள் முன்பும் பின்பும் என்ற தலைப்போடு இங்கும் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவின. அதுவரை என்னோடு வருமான வரியைப் பற்றியும் பேருந்து நெரிசலைப் பற்றியும் மட்டுமே பேசி வந்த சக ஊழியர் ஒருவர், மறுநாள் என்னிடம் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்டார். கெட்ட மனிதர் அல்லர். படம் அவருக்குக் கொடுத்த கேள்வி அது ஒன்றுதான். 2014 ஜனவரியில் கேட்டி கூரிக் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதே வகைக் கேள்வியைக் கேட்டபோது, உடலைப் பற்றிய இந்த ஓயாத ஆர்வம் எங்களைப் பொருளாக்கிவிடுகிறது, நாங்கள் சந்திக்கும் வன்முறையையும் வேலையின்மையையும் மறைத்துவிடுகிறது என்று லவெர்ன் காக்ஸ் அமைதியாக விளக்கினார். அடுத்த ஆண்டு ஜென்னரின் அட்டைப்படத்தை எல்லோரும் அழகு அழகு என்று கொண்டாடியபோதும், அந்த அழகுக்கு வேண்டிய பணமும் உடலமைப்பும் பெரும்பாலான திருநர்களுக்கு இல்லை என்று எழுதியவர் அவர்தான். நகைச்சுவையாளர் ஜான் ஸ்டூவர்ட்டின் கேலியையும் இங்கே சொல்ல வேண்டும்: ஆணாக இருந்தவரை உங்கள் விளையாட்டுத் திறனைப் பேசினோம், இப்போது நீங்கள் பெண், இனி உங்கள் தோற்றத்தைத்தான் பேசுவோம் என்ற பொருளில் அவர் சொன்னார். ஊடகங்கள் அதற்கு முன்பே அப்படித்தான் பேசத் தொடங்கியிருந்தன.

ஆகவே ஆதரவு கூடியதா குறைந்ததா என்று அளப்பதற்கு முன், எதைப் பற்றிய ஆதரவு என்று கேளுங்கள். ஒரு பெண் அழகாக இருக்கிறாள் என்று ஒப்புக்கொள்ளும் ஆதரவை வைத்து எனக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது.

பதிவு 10: நெய்தல்

வெண்கலமணி அம்மா சொன்ன பிறகு என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறேன்; முழுவதும் கைவிடவில்லை. ஒரு பிரபலத்தின் அறிவிப்பு யாரை மாற்றுகிறது என்பதை நாம் தவறான இடத்தில் தேடுகிறோமோ என்று தோன்றுகிறது.

1952 டிசம்பர் 1 அன்று நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் கிறிஸ்டின் ஜார்கன்சன் பற்றிய செய்தி வந்தது. பிராங்க்ஸ் பகுதியில் பிறந்து, அமெரிக்கப் படையில் பணியாற்றி, டென்மார்க்கில் பெண்ணாக மாறுவதற்கான சிகிச்சை பெற்றவர். ஒரே நாளில் உலகப் புகழ். ஆனால் அந்தப் புகழ் பொது மனத்தைக் கனிய வைத்தது என்று சொல்ல வழியில்லை: 1959இல் அவர் திருமண உரிமம் கேட்டபோது, பிறப்புச் சான்றிதழில் ஆண் என்று இருப்பதைக் காட்டி நியூயார்க்கில் மறுத்துவிட்டார்கள். அரங்கில் கைதட்டிய ஊர்தான் அலுவலகத்தில் கதவைச் சாத்தியது.

ஆனால் வேறொன்றும் நடந்தது. அவருக்குச் சிகிச்சை அளித்த டேனிஷ் மருத்துவர் கிறிஸ்டியன் ஹாம்பர்கருக்கு உலகெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. தமக்கும் இதுவே வேண்டும் என்று எழுதிய 465 பேரின் கடிதங்களை ஆராய்ந்து 1953இல் அவர் ஒரு கட்டுரையே வெளியிட்டார். தம்மைப் போல் உலகில் இன்னொருவர் இருக்கிறார் என்று அந்த 465 பேரில் எத்தனை பேருக்கு அதற்கு முன் தெரிந்திருக்கும்? கருத்துக்கணிப்பு எதிலும் இது ஒரு விழுக்காடாகக்கூடத் தேறாது.

பதிவு 11: கணக்குப்பிள்ளை

ஏற்கிறேன். கருத்துக்கணிப்பு அளக்காத மாற்றம் அது. அளந்து பார்த்த மாற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுவும் ஜென்னரின் 2015ஐச் சேர்ந்ததே. மயாமியில் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று, ஏறத்தாழ பத்து நிமிடம் வாக்காளர்களோடு பேசினார்கள். பிரசங்கம் செய்யவில்லை, நீங்கள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர் என்பதற்காக யாராவது உங்களை இழிவாக நடத்தியதுண்டா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். டேவிட் புரூக்மேன், ஜோஷுவா கல்லா இருவரும் 501 வாக்காளர்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒப்பீட்டுக்காக மற்றவர்களிடம் குப்பை மறுசுழற்சியைப் பற்றிப் பேசச் செய்தார்கள். திருநர்கள் மீதான காழ்ப்புக் குறைந்தது மட்டுமன்றி, மூன்று மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. பேசச் சென்றவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் கிடைத்தது என்பதையும் கவனியுங்கள்.

இதே இருவர்தான் இதற்குச் சற்று முன்னர், தன்பாலினத் திருமணம் பற்றி இதே வகையில் வெளிவந்திருந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்றின் தரவுகள் புனையப்பட்டவை என்று கண்டுபிடித்து, அது திரும்பப் பெறப்படக் காரணமானவர்கள். அதனால் இவர்களுடைய எண்ணை நான் கூடுதலாகவே நம்புகிறேன்.

பதிவு 12: பனங்கிழங்கு

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகளாக டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருப்பவன். ஆராய்ச்சி ஒன்றும் அறியேன்.

2020 டிசம்பர் 1 அன்று நடிகர் எலியட் பேஜ் தாம் திருநர் என்று அறிவித்தார். எங்கள் நாட்டின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துப் பிள்ளை. ஜூனோ படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். (ஜார்கன்சனின் செய்தி வந்த அதே நாள் என்பதை மேலே படித்துத்தான் அறிந்தேன்.) கொரோனாக் காலம் என்பதால் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். ஒரு வாரம் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது, அதுவரை எங்களுக்கு மகளாக இருந்த மூத்த பிள்ளை, அப்பா, அந்த நடிகரைப் பற்றிய செய்தி பார்த்தீர்களா என்று கேட்டது. பார்த்தேன் என்றேன். பார்த்து என்ன நினைத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. பிட்டைப் பிசைந்துகொண்டே, அது அவருடைய வாழ்க்கை, நமக்கென்ன என்றேன். மனைவி என்னைப் பார்த்தார். அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் ஐந்து நிமிடம் தேவைப்பட்டது.

நான் மனம் மாறியது பேஜால் அல்ல. அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதை இங்கே வேண்டாம். ஆனால் அன்றிரவு எங்கள் மேசையில் நேராகச் சுட்டிக்காட்ட முடியாத ஒன்றைச் சுட்ட, தூரத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். என் பிள்ளை முதலில் அவரைப் பற்றித்தான் கேட்டது.

பதிவு 13: பாலாற்றங்கரை

பனங்கிழங்கு ஐயாவுக்கு நன்றி. மாணவியின் கட்டுரை ஓரத்தில் இப்போது இரண்டு கேள்விகள் எழுதியிருக்கிறேன்: யாருடைய எண்ணம்? அந்த நேர்காணலுக்குப் பிறகு அவர்களோடு பேசியவர் யார்? சிவப்புக் கோட்டை அழிக்க முடியவில்லை, மை அப்படி. உங்கள் பதிவை வகுப்பில் வாசிக்கலாமா? ஊர்ப்பெயரை எடுத்துவிடுகிறேன்.

பதிவு 14: பனங்கிழங்கு

தாராளமாக வாசியுங்கள். மகனிடம் கேட்டுவிட்டேன், அவனும் சரி என்றான். ஆனால் ஒரு திருத்தம் சொல்லச் சொன்னான். அவன் எங்களிடம் முதலில் சொன்னது அந்த டிசம்பரில் அல்லவாம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, காரில் பள்ளிக்குப் போகும்போது, பெயர் எதுவும் வைக்காமல் எனக்கு ஒரு முறை சொன்னானாம். நான் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, என்ன சொன்னாய் என்று கேட்டேனாம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டானாம். எனக்கு அப்படியொரு காலை நினைவிலேயே இல்லை. அதையும் சேர்த்தே வாசியுங்கள்.